தோ பிகா ஜமீன்: 65 ரூபாய் எப்படி 235 ரூபாய் ஆயிற்று?

பழையரீல் எழுதியது:

பிமல் ராய் இயக்கத்தில் 1953-இல் வெளிவந்த 'தோ பிகா ஜமீன்' படத்தை மூன்றாம் முறையாகப் பார்த்து முடித்தேன். முதல் இரண்டு முறையும் கண் கலங்கியது. இந்த முறை கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தன. படத்தில் வரும் தொகைகளை மட்டும் குறித்துக்கொண்டே போனேன். அப்போதுதான் இது கண்ணீரைப் பற்றிய படம் அன்று, கணக்கைப் பற்றிய படம் என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். சம்பு என்ற குடியானவனுக்கு இரண்டு பிகா நிலம் இருக்கிறது. வங்காள அளவில் ஒரு பிகா என்பது ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அவனுடைய மொத்தச் சொத்தும் அறுபத்தாறு சென்ட்தான். பட்டணத்து முதலாளி ஒருவரோடு சேர்ந்து அங்கே ஆலை கட்ட நினைக்கும் ஜமீன்தாருக்கு அந்த அறுபத்தாறு சென்ட் குறுக்கே நிற்கிறது. விற்க முடியாது என்று சம்பு சொல்லிவிடுகிறான். உடனே பழைய கடன் வெளியே எடுக்கப்படுகிறது. சம்புவும் அவன் மகன் கன்னையாவும் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கும்போது வருவது 65 ரூபாய். மனைவி பாரோவின் காதணி உட்பட வீட்டில் விற்கக்கூடியதை எல்லாம் விற்று அதைக் கொண்டுபோனால், ஜமீன் கணக்குப் புத்தகத்தில் இருப்பதோ 235 ரூபாய். வழக்கு நடக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத சம்பு தோற்கிறான். நீதிமன்றம் மூன்று மாதத் தவணை தருகிறது. அந்தப் பணத்தைச் சம்பாதிக்கக் கல்கத்தாவுக்குப் போய்க் கை ரிக்‌ஷா இழுக்கிறான்.

இப்போது வகுத்துப் பாருங்கள். தொண்ணூறு நாளில் 235 ரூபாய் என்றால், சாப்பாடும் வாடகையும் போக, ஒரு நாள் கூடத் தவறாமல், நாளொன்றுக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடிக்க வேண்டும். மழை, காய்ச்சல், உடைந்த சக்கரம், திருட்டு, இவற்றில் எதற்கும் அந்த வகுத்தலில் இடமில்லை. இவை அனைத்தும் படத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உழைப்பால் கடனை அடைத்துவிடலாம் என்பது கடன்பட்டவனின் நம்பிக்கை. ஆனால் எவ்வளவு கடன் என்பதை எழுதுகிறவன் எதிராளியாக இருக்கும்வரை உழைப்பு அந்தத் தொகையை எட்டவே எட்டாது. இதைத்தான் இந்தப் படம் சொல்கிறது என்று நினைக்கிறேன். அதனால் உழைப்பாளர் போராட்டத்தைப் பேசும் படங்களின் வரிசையில் இதையும் வைப்பேன். மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆலைவாசல் எழுதியது:

கணக்குப் பற்றிய கருத்து சுவையாக இருக்கிறது. ஆனால் இந்தப் படத்தை உழைப்பாளர் போராட்டத்தைப் பேசும் படங்களின் வரிசையில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதில் போராட்டம் எங்கே இருக்கிறது? இரண்டு மணி நேரப் படத்தில் ஒரு சங்கம் உண்டா, ஒரு கூட்டம் உண்டா, நாலு பேர் சேர்ந்து ஒரு வாசலில் நின்ற காட்சி உண்டா? சம்பு தனியாகக் கெஞ்சுகிறான், தனியாக ஓடுகிறான், தனியாகத் தோற்கிறான்.

எனக்கு உறுத்துவது இன்னொன்றும் உண்டு. இதில் பணிபுரிந்த பலர் அரசியல் அறியாதவர்கள் அல்லர். கதையையும் இசையையும் தந்த சலில் சௌத்ரி, நாயகன் பல்ராஜ் சாஹ்னி, பாடல் எழுதிய ஷைலேந்திரா ஆகிய மூவரும் இந்திய மக்கள் நாடக மன்றத்தோடு, அதாவது இப்டாவோடு, தொடர்புடையவர்கள். ஷைலேந்திரா பம்பாயில் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். சங்கம் என்றால் என்னவென்று நன்கு தெரிந்தவர்கள் சேர்ந்து எடுத்த படத்தில் சங்கம் என்ற சொல்லே நினைவில் நிற்காமல் போனது ஏன்? கான் திரைப்பட விழாவில் 1954-இல் பரிசு கிடைத்தது, முதல் ஆண்டு பிலிம்ஃபேர் விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர் இரண்டும் கிடைத்தன. தோற்கும் ஏழையைக் கண்டு இரங்குவது விருது தருகிறவர்களுக்கு எளிது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஐயப்படுகிறேன்.

கணக்குப்பிள்ளை பேரன் எழுதியது:

என் புனைபெயர் வெறும் அலங்காரம் அன்று. என் தாத்தா ஒரு பெரிய பண்ணை வீட்டில் கணக்கு எழுதியவர். அந்த வீட்டின் பெயர் இங்கே தேவையில்லை. அவர் இறந்த பிறகு பரணில் கிடைத்த இரண்டு பேரேடுகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் 65 எப்படி 235 ஆகிறது என்பதைப் பற்றி என்னால் கொஞ்சம் சொல்ல முடியும்.

பொய்க் கணக்கு என்றவுடன் 6-ஐ அழித்து 23 என்று எழுதியிருப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அதற்கு அவசியமே வராது. குடியானவன் பணமாகத் திருப்பித் தருவது அரிது. நெல்லாகத் தருவான், அறுவடையில் ஆளாக நின்று தருவான், பண்ணை வீட்டுக் கல்யாணத்தில் பந்தல் போட்டுத் தருவான். அவன் மனக்கணக்கில் இவை எல்லாம் வரவு. பேரேட்டிலோ நெல்லுக்கு அறுவடைக் காலத்து மலிவு விலைதான் போடப்படும், உழைத்த நாள்கள் பதிவே ஆகாது. கூலியில்லாமல் வாங்கப்படும் வெட்டி வேலைக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது. பழைய பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது வட்டி அசலோடு சேர்ந்து புதிய அசலாகும். அடியில் கைநாட்டு இருக்கும். ஆக, ஒரு பொய் எண்ணைக்கூட எழுதாமல் முழுப் பொய்யான கணக்கை உண்டாக்கிவிடலாம்.

படத்திலும் சம்பு ஜமீன் வீட்டுக்குச் செய்த வேலையைக் கணக்கில் கொண்டுவர முயல்கிறான். அதற்குச் சான்று எதுவும் அவனிடம் இல்லை. நீதிமன்றக் காட்சியில் நீதிபதி கொடியவராகக் காட்டப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் தமக்கு முன்னால் வைக்கப்பட்ட தாளைப் படிக்கிறார், அவ்வளவுதான். தாளில் உள்ளவனுக்குத் தாளில் இல்லாதவன் தோற்கிறான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இந்தியாவில் 1976-இல்தான் வந்தது என்பதையும், அந்தச் சட்டம் கடனையே செல்லாததாக்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் படம் குறி வைத்த இடம் சரியானது என்றே தோன்றுகிறது.

ஆலைவாசல் ஐயாவுக்கு ஒரு கேள்வி: கடன்காரனுக்கு எந்தச் சங்கம்? ரிக்‌ஷா இழுப்பவனுக்குச் சங்கம் இருக்கலாம். ஆனால் சம்பு தன்னை ரிக்‌ஷாக்காரனாக ஒரு நாளும் நினைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு வந்த விவசாயியாகத்தான் நினைக்கிறான்.

பழையரீல் எழுதியது:

கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது. அதனால்தான் அவன் நகரத்தில் யாரோடும் முழுதாக ஒட்டுவதில்லை. சேரியில் வீட்டுக்காரம்மா வாயால் ஏசிக்கொண்டே உதவுகிறாள், பக்கத்து அறையில் இருக்கும் முதிய ரிக்‌ஷாக்காரர் தொழிலைக் கற்றுத் தருகிறார், நடைபாதையில் ஷூ பாலிஷ் போடும் சிறுவன் கன்னையாவைச் சேர்த்துக்கொள்கிறான். படம் முழுவதும் ஏழைகளின் ஒத்தாசை இருக்கிறது. அது அமைப்பாக மாறாததற்குக் காரணம், ஒவ்வொருவர் மனமும் ஊரில் விட்டுவந்த ஏதோ ஒரு துண்டு நிலத்தில் இருப்பதுதான்.

ஆண்டையும் கவனிக்க வேண்டும். 1793-இல் நிரந்தர நிலவரித் திட்டத்தால் வங்காளத்தில் வேரூன்றிய ஜமீன்தாரி முறையை ஒழிக்கும் சட்டம் மேற்கு வங்கத்தில் வந்தது, படம் வந்த அதே 1953-இல். பீகாரில் 1950-லேயே சட்டம் வந்துவிட்டது. அத்தகைய சட்டங்களைக் காக்க 1951-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தமே கொண்டுவரப்பட்டது. நாடே ஜமீன்தார் ஒழிந்தார் என்று பேசிய நேரத்தில், படம் ஜமீன்தாரை ஒழிக்காமல் ஆலைப் பங்குதாரராக மாற்றிக் காட்டுகிறது. தலைப்பாகை போய்த் தொப்பி வருகிறது, நிலம் மட்டும் அவர் கையை விட்டுப் போவதில்லை. 'முன்னேற்றம் வேண்டாமா' என்று அவர் சம்புவிடம் பேசும் தொனி 1953-க்கு உரியதாக மட்டும் எனக்குப் படவில்லை. 2006-இல் சிங்கூரில் கார் ஆலைக்காக எடுக்கப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரைப் பற்றிய வழக்கு 2016-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது, நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லி. அதுவும் அதே மேற்கு வங்கம்தான். நிலம் எடுக்கப்பட்டபோது அங்கே ஆட்சியில் இருந்தது இடதுசாரிகள் என்பதை ஆலைவாசல் ஐயா மன்னிப்பாராக.

மூலக்கொத்தளத்தான் எழுதியது:

நீங்கள் எல்லோரும் பத்திரத்தைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் எழுதுகிறீர்கள். நான் காலைப் பற்றி எழுதுகிறேன். என் அம்மாவின் அப்பா சென்னையில் கை ரிக்‌ஷா இழுத்தவர். தமிழ்நாட்டில் 1973-இல் கருணாநிதி அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்து சைக்கிள் ரிக்‌ஷாக்களை வழங்கியபோது அவருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் அவர் நடக்கும்போது உடம்பு முன்பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். கையில் ஒன்றும் இல்லாதபோதும் இரண்டு கைகளும் இடுப்பருகே ஏதோ கம்பைப் பிடித்திருப்பது போல மடங்கி நிற்கும்.

பல்ராஜ் சாஹ்னியின் நடையில் அந்தச் சாய்வைக் கண்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படித்தவர், சாந்திநிகேதனில் ஆசிரியராக இருந்தவர், லண்டனில் பிபிசியில் வேலை பார்த்தவர். சூட்டு கோட்டுடன் போய் நின்றபோது, இந்த வேடத்துக்கு நீங்கள் சரிப்பட மாட்டீர்கள் என்று பிமல் ராய் தயங்கியதையும், வங்கப் பஞ்சத்தைப் பற்றி இப்டா எடுத்த 'தர்த்தி கே லால்' படத்தில் விவசாயியாக நடித்ததைச் சொல்லி வாய்ப்பைப் பெற்றதையும் அவரே எழுதியிருக்கிறார். பம்பாயின் ஜோகேஷ்வரியில் மாடு வளர்த்துப் பால் விற்ற வட இந்தியக் குடியானவர்களின் இருப்பையும் நடப்பையும் பார்த்துப் பழகினார். கல்கத்தாவில் உண்மையாகவே ரிக்‌ஷா இழுத்தார். அங்கே நம்பிக்கை இழந்து உட்கார்ந்திருந்தபோது, பீகாரிலிருந்து வந்த ஒரு வயதான ரிக்‌ஷாக்காரர் அவரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அந்த முதியவரும் இரண்டு பிகா நிலத்தை ஜமீன்தாரிடம் அடமானம் வைத்துவிட்டு, அதை மீட்க ரிக்‌ஷா இழுத்துக்கொண்டிருந்தவர். பல ஆண்டுகள் ஆகியும் மீட்கவில்லை. அதன் பிறகு தாம் நடிப்பைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு அந்த மனிதரைத் தமக்குள் வாங்கிக்கொண்டதாக சாஹ்னி சொல்கிறார்.

அந்தப் பந்தயக் காட்சியை இங்கே யாரும் குறிப்பிடவில்லை. காதலியோ மனைவியோ, கோபித்துக்கொண்டு போகும் ஒரு பெண்ணைத் துரத்தும் இளைஞன் சம்புவின் வண்டியில் ஏறுகிறான். வேகமாகப் போ, கூட ஒரு ரூபாய் தருகிறேன், இன்னும் வேகம், இன்னும் ஒரு ரூபாய் என்று ஏற்றிக்கொண்டே போகிறான். அவனுக்கு அது விளையாட்டு. சம்புவுக்கோ ஒவ்வொரு ரூபாயும் 235-இல் ஒன்று. சக்கரம் கழன்று விழுகிறது. ஆலைவாசல் ஐயா போராட்டம் எங்கே என்று கேட்டார். கூலியை உயர்த்திக்கொண்டே போய் ஒரு மனிதனை எப்படி ஒடிக்கலாம் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய காட்சியை நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. குறைந்த கூலி கொல்லும் என்பது தெரியும், கூடுதல் கூலியும் கொல்லும் என்பதை இங்கேதான் கண்டேன்.

என் தாத்தா இந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் கேட்டிருக்கக்கூடிய ஒரே கேள்வி, வண்டி யாருடையது என்பதாகத்தான் இருக்கும். ஏனென்றால் இழுப்பவனுக்கு வண்டி சொந்தமில்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அன்றைய வாடகையை உரிமையாளரிடம் கட்ட வேண்டும்.

தாழ்வாரம் எழுதியது:

நான் கொஞ்சம் குறை சொல்ல அனுமதியுங்கள். முதல் பாதி எவ்வளவு நிதானமாக இருக்கிறதோ, கடைசி அரை மணி நேரம் அவ்வளவு அவசரப்படுகிறது. கர்ப்பிணியான பாரோ கணவனைத் தேடிக் கல்கத்தாவுக்கு வருகிறாள், ஒருவனிடம் ஏமாறுகிறாள், தப்பி ஓடும்போது கார் மோதுகிறது. அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகக் கூப்பிட்ட ரிக்‌ஷா சம்புவின் ரிக்‌ஷாவாக இருக்கிறது. அத்தனை பெரிய ஊரில் அந்த ஒரு வண்டிதானா? அதே சமயம் கன்னையா திருடிய பணத்தைத் தன் பாவத்தால்தான் தாய்க்கு இப்படி ஆயிற்று என்று கிழித்துப் போடுகிறான். கணக்கைப் பற்றிய படம் என்று தொடக்கத்தில் சொன்னீர்கள். இந்த இடத்தில் படம் கணக்கை விட்டுவிட்டு விதியைப் பிடித்துக்கொள்கிறது.

பாரோவைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சம்பு போன பிறகு ஊரில் பிழைப்பை இழுத்துப் பிடிப்பவள் அவள்தான். கூலி வேலைக்குப் போகிறாள், மாமனாரைப் பார்த்துக்கொள்கிறாள், வராத கடிதத்துக்குக் காத்திருக்கிறாள். பாரோவாக நடித்த நிருபா ராய் அதற்கு முன்பு புராணப் படங்களில் தேவியாக நடித்துக்கொண்டிருந்தவர். அந்த முகத்தில் மண்ணும் வியர்வையும் பூசிக் காட்டியதே துணிச்சல்தான். ஆனால் அவள் உழைப்பு 235-இல் ஒரு காசாகக்கூடச் சேர்க்கப்படவில்லை. ஜமீன் பேரேட்டில் வெட்டி வேலைக்குப் பத்தி இல்லை என்று மேலே ஒருவர் எழுதினார். படத்தின் பேரேட்டிலும் பாரோவுக்குப் பத்தி இல்லை.

பழையரீல் எழுதியது:

இரண்டாவது குறை என்னைத் தைக்கிறது. தாளில் தொகைகளை எழுதிய நானும் பாரோவின் கூலியை எழுதவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதல் குறைக்கு அரைப் பதில் உண்டு. 1952 தொடக்கத்தில் பம்பாயில் நடந்த முதல் இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்த வேகத்தில்தான் பிமல் ராயின் குழு இதை எடுத்தது என்பது பலரும் அறிந்தது. தெருவில் இறங்கிப் படமெடுக்கும் துணிவு அங்கிருந்து வந்தது. ஆனால் பாட்டும் தாலாட்டும் தற்செயல் சந்திப்பும் இங்குள்ள கதை மரபிலிருந்து வந்தவை. பிரிந்த குடும்பம் கடைசியில் ஒன்றுசேர வேண்டும் என்பது இங்குள்ள பார்வையாளரின் உரிமைக் கோரிக்கை. இயக்குநர் குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறார், ஆனால் நிலத்தைத் தர மறுக்கிறார். அந்தப் பேரம் எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது. சம்பு சேர்த்த பணம் முழுவதும் பாரோவின் சிகிச்சைக்குப் போய்விடுகிறது என்பதால், கணக்கு அந்த இடத்திலும் வேலை செய்கிறது என்றும் சொல்லலாம்.

ஆலைவாசல் எழுதியது:

மூலக்கொத்தளத்தான் எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவின் கடுமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். ஆனாலும் சங்கம் பற்றிய என் கேள்வியை முழுதாக விட்டுவிட மனமில்லை. அதனால் பிற்பாடு வந்த, சங்கமும் வேலைநிறுத்தமும் உள்ள இந்திப் படங்களை நினைத்துப் பார்த்தேன். 1973-இல் வந்த 'நமக் ஹராம்' படத்தில், ஆலை முதலாளியின் மகனுடைய நண்பன் தொழிலாளியாக வேடமிட்டு உள்ளே போய், பிறகு மனம் மாறுகிறான். 1975-இன் 'தீவார்' படத்தில் தொழிற்சங்கத் தலைவரான தந்தை முதல் சில காட்சிகளிலேயே மிரட்டிப் பணியவைக்கப்படுகிறார். கதை அவர் மகன்களுடையதாகிவிடுகிறது. சாஸ்நாலா சுரங்க விபத்தின் நினைவோடு 1979-இல் வந்த 'காலா பத்தர்' படத்தின் நாயகன், ஒரு காலத்தில் கப்பல் தலைவனாக இருந்து அவமானப்பட்டு நிலக்கரி வெட்ட வந்தவன். மூன்றிலும் சங்கமோ சுரங்கமோ ஆலையோ இருக்கிறது. ஆனால் நடுவில் நிற்கும் ஆள் வேறு எங்கிருந்தோ இறங்கி வந்தவனாக, அல்லது அங்கிருந்து ஏறிப் போகிறவனாக இருக்கிறான்.

சம்பு எங்கிருந்தும் இறங்கி வரவில்லை. அந்த ஒரு வகையில் உங்கள் படம் என் படங்களைவிட நேர்மையானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு ரிக்‌ஷாக்காரரின் அறைக்குள் நடக்கும் பேச்சில்கூட 'நம் எல்லோருக்கும் இப்படித்தானே' என்ற சொல் எழாதது எழுத்தின் குறையே என்பதில் நான் மாறவில்லை.

கணக்குப்பிள்ளை பேரன் எழுதியது:

முடிவைப் பற்றி ஒரு செய்தி. தலைப்பு ரவீந்திரநாத தாகூரின் 'துய் பிகா ஜமி' என்ற கவிதையிலிருந்து வந்தது. அந்தக் கவிதையில் உபேன் என்ற ஏழையின் இரண்டு பிகாவை, தன் தோட்டம் நீள அகலத்தில் சரியாக அமைய வேண்டும் என்பதற்காக ஜமீன்தார் பொய்க் கடன் காட்டிப் பறிக்கிறார். நாடோடியாகப் பல ஆண்டுகள் அலைந்து திரும்பும் உபேன் தன் பழைய மாமரத்தடியில் உட்காருகிறான். காற்றில் இரண்டு பழங்கள் அவன் மடியருகே விழுகின்றன. தோட்டக்காரன் பிடித்துக்கொண்டு போக, ஜமீன்தார் அவனைத் திருடன் என்கிறார்.

படத்தின் முடிவில் ஆலைக்கட்டுமானம் நடக்கும் தன் நிலத்து வேலியோரம் சம்பு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுக்கிறான். காவலாளி கையைத் திறக்கச் சொல்கிறான். மண் கீழே விழுகிறது. கவிதையில் தோட்டமாக இருந்தது படத்தில் ஆலையாகிவிட்டது. மாம்பழமாவது மரம் தானாகத் தந்தது, மண்ணை யாரும் தரவில்லை. மாம்பழத்துக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு, அதனால் அதைத் திருட்டு என்று சொல்வதில் ஒரு பேச்சுக்காவது பொருள் இருக்கிறது. ஒரு பிடி மண்ணுக்கு எந்தப் பேரேட்டில் என்ன விலை எழுதுவார்கள் என்று என் தாத்தாவின் பேரேடுகளைப் புரட்டியவன் என்ற முறையில் யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

மூலக்கொத்தளத்தான் எழுதியது:

அந்தக் காவலாளியும் கூலிக்கு நிற்பவன்தான். ஆலைவாசல் ஐயா, உங்கள் சங்கத்தில் அவனைச் சேர்ப்பீர்களா?

ஆலைவாசல் எழுதியது:

சேர்க்க வேண்டும். ஆனால் அவன் முதலில் சந்தா கட்ட மறுப்பான். இருபது ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன், காவலாளிகளிடம் சந்தா வாங்குவது மிகக் கடினம்.